பள்ளிக்குள் வரவேண்டிய இல்லம்

முதல் வகுப்பில் சேரும் குழந்தையின் கையைத் தாய் பள்ளியின் வாசலில் விடுகிறாள். அந்தக் கணத்தில் ஒரு பெரும் பொறுப்பு கைமாறிவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். ‘இனி கற்பிப்பது ஆசிரியரின் கடமை; உணவூட்டி, உடை உடுத்தி, நேரத்திற்கு அனுப்பிவைப்பது மட்டுமே நம் கடமை’ என்று இல்லம் நினைக்கிறது. ‘இனி இந்தக் குழந்தைக்கு வேண்டியதை நாம் பார்த்துக்கொள்வோம், பெற்றோர் குறுக்கிடாமல் இருந்தால் போதும்’ என்று பள்ளி நினைக்கிறது. இரண்டு எண்ணங்களும் வசதியானவைதாம். ஆனால் அவை உண்மையா?

சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கு ஆண்டில் குறைந்தது 200 வேலை நாட்களும் 800 மணி நேரக் கற்பித்தலும் வேண்டும் என்று வகுத்துள்ளது. ஓர் ஆண்டிலோ 8,760 மணி நேரம் இருக்கிறது. குழந்தை நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் உறங்குவதாகக் கொண்டு அதைக் கழித்துவிட்டாலும், அது விழித்திருக்கும் நேரத்தில் ஆறில் ஒரு பங்கு அளவே அந்த 800 மணி நேரம். மற்ற ஐந்து பங்கிலும் அக்குழந்தை கற்காமலா இருக்கிறது? பேசக் கற்றதும், பகிர்ந்துண்ணக் கற்றதும், அஞ்சக் கற்றதும், அன்பு செய்யக் கற்றதும், பொய் சொல்லக் கற்றதும்கூட அங்கேதான்.

எனவே ‘குழந்தையின் கல்வியில் குடும்பத்தை ஈடுபடுத்த வேண்டுமா?’ என்ற கேள்வியே பொருந்தாது. குடும்பம் ஏற்கெனவே ஈடுபட்டிருக்கிறது. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: பள்ளி அந்தக் குடும்பத்தை எந்த மதிப்புடன் அழைக்கிறது? இது நிர்வாகம் பற்றிய கேள்வி போலத் தோன்றினாலும், உண்மையில் அறம் பற்றிய கேள்வி. ஏனெனில் அதற்கு நாம் தரும் பதிலைப் பொறுத்தே, ஒரு குழந்தை தன் தாயை எந்தக் கண்களால் பார்க்கும் என்பது முடிவாகிறது.

ஜபாலை அளித்த விடை

சாந்தோக்ய உபநிடதத்தில் வரும் சத்யகாமனின் வரலாறு நாம் நன்கு அறிந்ததே. குருவிடம் சென்று பயில விரும்பிய அச்சிறுவன், தன் குலமரபு எது என்று தாய் ஜபாலையிடம் கேட்கிறான். இளமையில் பல இடங்களில் பணிவிடை செய்து வாழ்ந்தவள் அவள். ‘எனக்கு அது தெரியாது’ என்று மறைக்காமல் கூறிவிடுகிறாள். தன் பெயரையே அவன் பெயரோடு சேர்த்துச் சொல்லுமாறு அனுப்புகிறாள். சிறுவன் கௌதம முனிவரிடம் சென்று தாய் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் அப்படியே ஒப்புவிக்கிறான். உண்மையினின்று விலகாத அந்தப் பண்பையே தகுதியாகக் கொண்டு அவனை மாணவனாக ஏற்கிறார் குரு.

இந்த வரலாற்றைச் சத்யகாமனின் வாய்மைக்கும் கௌதமரின் பெருந்தன்மைக்கும் சான்றாக நாம் எடுத்துக்காட்டுவது வழக்கம். ஆனால் அங்கே மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். ஜபாலை அந்தக் குருகுலத்திற்கு வரவே இல்லை. ஆயினும் அங்கே முதலில் மதிப்பிடப்பட்டது அவள் மகனுக்கு அளித்திருந்த கல்விதான். உண்மையைச் சொன்னால் மகனுக்கு இடம் கிடைக்காமல் போகலாம் என்று தெரிந்தும் அவள் உண்மையைச் சொன்னாள். அதைக் கேட்டு நாணாமல் வெளியிடும் துணிவு மகனுக்கு வாய்த்திருந்தது. அவளுடைய ஏழ்மையையும் குடும்ப நிலையையும் பார்த்து ‘இந்த வீட்டிலிருந்து என்ன வந்துவிடப் போகிறது?’ என்று கௌதமர் நினைத்திருந்தால், தமக்கு முன்னே நின்ற பொருளை அவர் கண்டிருக்கவே மாட்டார்.

நல்லாசிரியரின் முதல் இலக்கணம் இதுதான்: குழந்தை வகுப்பறைக்குள் வரும்போது என்ன கொண்டு வருகிறது என்று பார்க்கத் தெரிந்திருத்தல்.

மூன்று வகை அழைப்புகள்

இன்று பள்ளிகள் பெற்றோரை அழைக்காமல் இல்லை. எதற்காக அழைக்கின்றன என்பதைக் கவனித்தால் பெரும்பாலும் மூன்று காரணங்கள் தென்படுகின்றன.

முதலாவது, புகார் சொல்ல. ‘உங்கள் பையன் கவனிப்பதில்லை’, ‘உங்கள் பெண் கணக்கில் மந்தம்’ என்ற சொற்களைக் கேட்பதற்காகவே பள்ளிக்கு வந்து பழகிய தந்தை, மறுமுறை அழைப்பு வந்தால் வராமலிருக்கக் காரணம் தேடுகிறார். ‘பெற்றோருக்கு அக்கறை இல்லை’ என்று பள்ளி குறித்துக்கொள்கிறது.

இரண்டாவது, பொருள் வாங்கித் தர. சார்ட் பேப்பர், தெர்மாகோல், வண்ணத் தாள், ஒட்டும் பசை என்று பட்டியல் வருகிறது. ‘செயல்திட்டம்’ என்ற பெயரில் எட்டு வயதுக் குழந்தை செய்ய இயலாத ஒன்றைத் தாய் இரவு முழுவதும் விழித்திருந்து செய்து முடிக்கிறாள். காலையில் குழந்தை அதைச் சுமந்து செல்கிறது. இங்கே கற்றது யார்? வாங்க வசதியில்லாத வீட்டுக் குழந்தை அன்று வகுப்பில் என்ன கற்கிறது?

மூன்றாவது, வீட்டுப்பாடத்தைக் கண்காணிக்க. டைரியிலோ வாட்ஸ்அப் குழுவிலோ, பல வேளைகளில் பெற்றோருக்குப் புரியாத மொழியில், கட்டளைகள் வருகின்றன. பள்ளி நேரத்தில் முடியாதவை இரவில் இல்லத்தின் மீது இறக்கி வைக்கப்படுகின்றன. தாய் சிறிய காவலராக மாறுகிறாள். குழந்தைக்கும் அவளுக்கும் இடையே இருந்த மாலைப்பொழுது, அதட்டலிலும் அழுகையிலும் கழிகிறது.

இம்மூன்றிலும் பொதுவாக ஒன்று உண்டு. இல்லம் இங்கே பள்ளிக்குப் பயன்படும் கருவி மட்டுமே. தனக்கென்று ஏதோ அறிவு உடையது, ஏதோ சொல்ல இருப்பது என்ற எண்ணமே அங்கில்லை.

சட்டம் இதைவிட உயர்வாகவே நினைத்தது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது காப்பாளராக இருக்க வேண்டும். உறுப்பினரில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். குழந்தையின் வருகை, கற்கும் ஆற்றல், முன்னேற்றம் ஆகியவை குறித்துப் பெற்றோரை முறையாகச் சந்தித்துப் பேசுவதை ஆசிரியரின் கடமைகளுள் ஒன்றாகவே அச்சட்டம் வைத்திருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் குழு அமைப்பதாலேயே உறவு அமைந்துவிடாது.

அச்சட்டத்திற்கு முன்பே இதற்கு ஒரு பாடம் கிடைத்திருந்தது. உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் அபிஜித் பானர்ஜி, ருக்மிணி பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலானோர் நடத்திய ஆய்வு 2010-இல் வெளியாயிற்று. கிராமக் கல்விக் குழுக்கள் அங்கே ஏற்கெனவே இருந்தன. ஆனால் பெற்றோரில் மிகப் பெரும்பாலோர் அப்படி ஒரு குழு இருப்பதையே அறியவில்லை. உறுப்பினர்களிலேயே ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத் தாம் உறுப்பினர் என்பது தெரியாது! கூட்டம் கூட்டி உரிமைகளை எடுத்துச் சொன்னார்கள். பெரிதாக எதுவும் மாறவில்லை. வேறு சில கிராமங்களில், குழந்தைகளுக்கு வாசிக்கச் சொல்லித்தரும் எளிய முறையை ஊர் இளைஞர்களுக்குக் கற்பித்து வாசிப்பு முகாம்கள் நடத்தச் செய்தார்கள். அம்முகாம்களுக்கு வந்த குழந்தைகள் வாசிப்பில் தெளிவாக முன்னேறினார்கள்.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? ‘வந்து கண்காணியுங்கள்’ என்ற அழைப்பு மனிதரின் உள்ளத்தைத் தொடவில்லை. ‘வாருங்கள், இந்தக் குழந்தைக்கு உங்களால் ஒன்றைத் தர முடியும்’ என்ற அழைப்பு தொட்டது. அதிகாரத்தைப் பகிர்ந்தளிப்பது தேவைதான். ஆனால் தன்னால் தர இயலும் என்ற நம்பிக்கை இல்லாதவருக்கு அதிகாரத்தைத் தந்தாலும் அது கையெழுத்தாகவோ கைரேகையாகவோ பதிவேட்டில் நின்றுவிடுகிறது.

எழுத்தறியாத் தாய்க்கு என்ன தெரியும்?

இங்கே ஓர் ஐயம் எழலாம். 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஏழு வயதுக்கு மேற்பட்ட பெண்களுள் எழுத்தறிவு பெற்றிருந்தோர் ஏறத்தாழ 65 சதவீதமே. எழுத்துத் தெரியாத தாய் தன் குழந்தையின் படிப்பில் எவ்வாறு பங்கு கொள்வாள்?

பீகாரிலும் ராஜஸ்தானிலும் நடந்த மற்றோர் ஆய்வு (2017-இல் வெளியானது) இக்கேள்வியையே எடுத்துக்கொண்டது. ஒரு பகுதியில் தாய்மாருக்கு எழுத்தறிவு வகுப்புகள் நடத்தினார்கள். இன்னொரு பகுதியில், குழந்தையோடு வீட்டிலேயே அமர்ந்து செய்யக்கூடிய சிறு பயிற்சிகளைத் தாயிடம் கொண்டுபோய்க் கொடுத்துச் செய்து காட்டினார்கள். மூன்றாம் பகுதியில் இரண்டும் நடந்தன. குழந்தைகளின் கணக்கறிவில் சிறிய முன்னேற்றமே ஏற்பட்டது. அதை மிகைப்படுத்திக் கூறுவது நேர்மையாகாது. ஆனால் தாய்மாரின் கற்றல் வளர்ந்தது. குழந்தையின் படிப்பில் அவர்கள் காட்டிய ஈடுபாடும் கூடியது.

மதிப்பெண்ணை மட்டும் அளவுகோலாகக் கொள்பவர், ‘இவ்வளவு முயற்சிக்கு இவ்வளவுதானா பயன்?’ என்று கேட்பார். குடும்பத்தை அழைப்பதற்கு மதிப்பெண் மட்டுமே காரணம் என்றால் அக்கேள்வி நியாயமானதே. ஆனால் அதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு.

மூன்றாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமியை நினைத்துப் பாருங்கள். மதிப்பெண் பட்டியலில் மற்றவரின் தந்தையர் கையெழுத்திடுகிறார்கள். அவளுடைய தந்தை மைப்பெட்டியில் விரலை ஒற்றுகிறார். வீட்டில் பேசும் மொழி பள்ளியில் கொச்சை என்று திருத்தப்படுகிறது. பாட்டி சொல்லும் கதை பாடத்தில் இல்லை. அவளிடம் யாரும் எதுவும் சொல்லாமலேயே அவள் ஒரு முடிவுக்கு வருகிறாள்: ‘அறிவு என்பது இங்கே இருக்கிறது, என் வீட்டில் இருப்பது அறியாமை.’ அன்று முதல் அவள் உள்ளம் இரண்டாகப் பிளக்கிறது. நன்றாகப் படிக்கப் படிக்கத் தாயிடமிருந்து விலகிப் போகிறாள். அல்லது தாயைவிட்டு விலக மனமில்லாமல் படிப்பிலிருந்து விலகிப் போகிறாள். இந்தப் பிளவை எந்தத் தேர்வும் அளப்பதில்லை.

தைத்திரீய உபநிடதத்தில், கல்வி முடித்துச் செல்லும் மாணவனுக்குக் குரு கூறும் அறிவுரையில் தாயும் தந்தையும் ஆசிரியரும் தெய்வங்களாகப் போற்றப்படுகின்றனர். அங்கே பேசுபவர் ஆசிரியர் என்பதை நாம் கவனிக்க வேண்டும். தம்மைப் போற்றச் சொல்லும் முன் அவர் தாயையும் தந்தையையும் போற்றச் சொல்கிறார். கல்வியால் மாணவனுக்குப் பெற்றோர் சிறியவராகிவிடக் கூடாது என்பதை உறுதி செய்யும் பொறுப்பு ஆசிரியருடையது என்றே இதை நாம் கொள்ளலாம்.

வகுப்பறையில் இது எவ்வாறு நிகழும்?

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. அளவைகள் பற்றிய பாடம் நடக்கிறது என்று கொள்வோம். வகுப்பிலுள்ள ஒரு பையனின் தந்தை கொத்தனார். தூக்குக்குண்டையும், நீர் நிரப்பிய மட்டக்குழாயையும் எடுத்துக்கொண்டு அவர் அரை மணி நேரம் வந்தால் போதும். சுவர் நேராக நிற்கிறதா என்று கண்ணால் பார்ப்பது ஏன் போதாது, குழாயின் இரு முனைகளிலும் நீர் ஏன் ஒரே மட்டத்தில் நிற்கிறது என்று அவர் காட்டலாம். தையல் வேலை செய்யும் தாய், அளவு நாடாவில் அங்குலமும் சென்டிமீட்டரும் எவ்வாறு அருகருகே இருக்கின்றன என்று காட்டலாம். காய்கறி விற்கும் பெண்மணி, தாளும் பென்சிலும் இல்லாமல் முக்கால் கிலோவுக்கு விலை சொல்லும் முறையைச் சொல்லிக் காட்டலாம். ஆசிரியர் அதையே கரும்பலகையில் எழுதி, ‘பாருங்கள், உங்கள் புத்தகத்தில் பின்னம் என்று இருப்பது இதுதான்’ என்று சேர்த்துக் காட்டுவார்.

அப்போது அந்தச் சந்தைக் கணக்கு, பாடநூலின் கணக்கோடு உறவு கொள்கிறது. அந்தப் பெண்மணியின் மகன் அன்று வகுப்பில் நிமிர்ந்து அமர்ந்திருப்பான்.

இந்த எண்ணம் நம் நாட்டிற்குப் புதியதன்று. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்து, ஜாகிர் ஹுசைன் குழு வரைந்து தந்த ஆதாரக் கல்வித் திட்டம், கைத்தொழிலைக் கல்வியின் நடுவே வைத்தது. நூற்றலையும் நெசவையும் உழவையும் பள்ளிக்குள் கொண்டுவரும்போது, அத்தொழில்களைச் செய்யும் பெற்றோரின் அறிவும் மதிப்புப் பெறுகிறது. அத்திட்டம் நாடெங்கும் நிலைபெறாமல் போயிற்று. அந்த உண்மை பழுதுபடவில்லை.

குஜராத்தின் பாவ்நகரில் 1920-இல் குழந்தைப் பள்ளி தொடங்கிய கிஜுபாய் பதேக்கா (1885–1939) வழக்கறிஞராக இருந்தவர். தமக்கு மகன் பிறந்த பின், அவனை எப்படி வளர்ப்பது என்ற தேடலே அவரைக் கல்விக்குக் கொண்டுவந்தது. குழந்தைகளுக்காகவும் ஆசிரியர்களுக்காகவும் எழுதியதோடு அவர் நிற்கவில்லை, பெற்றோருக்காகவும் எழுதினார். தந்தையாக இருந்து ஆசிரியரானவருக்கு, இல்லமும் பள்ளியும் ஒரே பணியின் இரு பகுதிகள் என்பது இயல்பாகவே விளங்கியிருந்தது.

மொழியிலும் இதே முறை பயன்படும். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பத்தாயிரம் பேருக்கு மேல் பேசும் மொழிகள் நம் நாட்டில் 121 உள்ளன. கோண்டியும் சந்தாலியும் பேசும் வீட்டிலிருந்து வரும் குழந்தை முதல் நாளில் ஆசிரியர் சொல்வது புரியாமல் அமர்ந்திருக்கலாம். 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை, இயன்ற இடங்களில் குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை வீட்டு மொழியில் கற்பிக்கப் பரிந்துரைக்கிறது. கொள்கை நடைமுறைக்கு வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. வாரம் ஒருமுறை ஒரு பாட்டியை அழைத்து அவருடைய மொழியிலேயே ஒரு கதை சொல்லச் செய்யலாம். குழந்தைகள் அதைப் படமாக வரையட்டும். அறிந்த எழுத்தில் இரண்டு வரி எழுதட்டும். அந்தத் தாள்களைக் கோத்தால் வகுப்பின் சொந்த வாசிப்பு நூல் தயாராகிவிடும்.

இல்லம் தவறாக இருந்தால்?

இல்லத்தை இவ்வளவு உயர்த்திப் பேசுவது முழு உண்மையாகுமா? இல்லத்தில்தானே சாதி வேற்றுமை கற்பிக்கப்படுகிறது? மகனுக்கு ஒரு நீதியும் மகளுக்கு ஒரு நீதியும் வழங்கப்படுவது அங்கேதானே? ‘அடித்தாவது படிக்க வையுங்கள்’ என்று ஆசிரியரிடம் சொல்பவரும் பெற்றோர்தாமே?

இந்த மறுப்பு வலிமையானது. இதை ஒதுக்கிவிட முடியாது. இல்லத்தை மதிப்பது என்பது இல்லம் சொல்வதையெல்லாம் ஒப்புக்கொள்வதன்று. மதிய உணவின்போது ‘இன்னாருக்கு அருகில் என் பிள்ளை அமரக் கூடாது’ என்று ஒருவர் சொன்னால், ஆசிரியர் அதற்கு இணங்கவே கூடாது. மகளைப் படிப்பிலிருந்து நிறுத்தித் தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால், ஆசிரியர் அவ்வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். ஆனால் எண்ணிப் பாருங்கள்: அவ்வாறு மறுத்துச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? அந்த வீட்டின் நன்மைகளை அறிந்து மதித்தவருக்கே உண்டு. பத்து முறை நன்மை சொல்ல வந்தவர் ஒருமுறை தவறைச் சுட்டிக் காட்டினால் கேட்பார்கள். குறை சொல்வதற்கென்றே வருபவருக்குக் கதவு திறக்காது.

இரண்டாவது ஆபத்து நுட்பமானது. கற்ற வசதியான இல்லங்களில் அதிகம் காணப்படுவது. அது ‘என் பிள்ளை’ என்னும் பிடிப்பு. சில பெற்றோர் பள்ளியில் மிகுந்த ஈடுபாடு காட்டுகிறார்கள். ஆனால் அந்த ஈடுபாடு முழுவதும் தன் பிள்ளையின் தரவரிசையைப் பற்றியது. அன்பு கடமையைச் செய்யத் தூண்டும். மமதையோ பலனைப் பற்றிக்கொள்ளும். கடமையைச் செய்து பலனில் பற்றை விடுமாறு கூறும் கீதையின் போதனை போர்க்களத்திற்கு மட்டும் உரியதா? பிள்ளையின் விடைத்தாளைக் கையில் வாங்கும் தந்தைக்கும் அது உரியதே.

சாந்தோக்யத்தில் வரும் உத்தாலகர் இங்கே நமக்கு வழிகாட்டுகிறார். பன்னிரண்டு வயதில் குருகுலம் சென்று இருபத்து நான்கு வயதில் எல்லாம் கற்றதாகச் செருக்குடன் திரும்புகிறான் மகன் ஸ்வேதகேது. தந்தை அவன் எத்தனை நூல் கற்றான் என்று கேட்கவில்லை. எதை அறிந்தால் அறியாதது அறியப்படுமோ, அதைப் பற்றிக் கேட்டாயா என்று வினவுகிறார். தன் ஆசிரியர்களுக்கு அது தெரிந்திராது என்று மகன் சொல்கிறான். அதைப் பிடித்துக்கொண்டு தந்தை ஆசிரியர்களை இகழவில்லை. ஓர் ஆலம்பழத்தைப் பிளக்கச் சொல்லியும், நீரில் உப்பைக் கரைக்கச் சொல்லியும், எவர் வீட்டிலும் எளிதில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு மேலான உண்மையை உணர்த்துகிறார். பள்ளி விட்ட இடத்தில் இல்லம் தொடர்கிறது. ஒன்றையொன்று பழிக்காமல் ஒன்றையொன்று நிறைவு செய்கிறது.

நம்மால் செய்யக்கூடியவை

ஆசிரியப் பணியிலுள்ள அன்பர்கள் சிலவற்றை உடனே தொடங்கலாம். கூட்டத்தை முற்பகல் பதினொரு மணிக்கு வைத்தால், தினக்கூலி பெறும் தாய் ஒரு நாள் ஊதியத்தை இழந்தே வர முடியும். அவர் வரவில்லை என்று குறை கூறுமுன், மாலையிலோ விடுமுறை நாளிலோ அவர் வரக்கூடிய நேரத்தைக் கேட்டறிவது நீதி. செய்தியை அவர் அறிந்த மொழியில், இயன்றால் வாய்மொழியாகச் சொல்லியனுப்புவது மரியாதை. தாயில்லாத குழந்தையும், பாட்டனிடம் வளரும் குழந்தையும், விடுதியில் வாழும் குழந்தையும் வகுப்பில் உண்டு என்பதை நினைந்து, அழைப்பை ‘வீட்டிலிருந்து ஒருவர்’ என்று அமைப்பது கருணை. ஆண்டின் முதல் சந்திப்பிலேயே அந்தக் குழந்தையிடம் தாம் கண்ட ஒரு நல்லதைச் சொல்வது எல்லா ஆசிரியராலும் இயலும்.

பெற்றோரான அன்பர்கள் செய்யக்கூடியது இன்னும் எளிது. மாலையில் ‘இன்று எத்தனை மதிப்பெண்?’ என்று கேட்பதற்குப் பதிலாக, ‘இன்று கற்றதை எனக்குச் சொல்லிக்கொடு’ என்று கேளுங்கள். எழுத்தறியாத தாயாலும் இதைக் கேட்க முடியும். உண்மையில் அவரே இதை மிக நன்றாகக் கேட்பார். ஏனெனில் அவர் மெய்யாகவே அறிய விரும்புவார். கற்பிக்கும்போது குழந்தையின் அறிவு தெளிவடைகிறது. கேட்கும் பெரியவரிடம் பணிவு என்றால் என்ன என்பதையும் அது கண்டுகொள்கிறது. ஆசிரியரைக் குழந்தையின் முன்னிலையில் இகழாதிருங்கள். கருத்து வேறுபாடு இருந்தால் அவரை நேரில் கண்டு பேசுங்கள்.

பிள்ளை இல்லாதவர்களுக்கும், பிள்ளைகள் வளர்ந்துவிட்ட முதியோருக்கும் இதில் பங்கு உண்டு. அருகிலுள்ள தொடக்கப் பள்ளியில் ஒரு கதையோ, ஒரு கைத்தொழிலோ, ஒரு பாடலோ அவர்களுக்காகக் காத்திருக்கிறது.

கற்றவன் தன் வேர்களை இகழ்வானானால், அவன் பெற்றது தகவல்தான், கல்வியாகாது. தாய் அறிந்ததையும் ஆசிரியர் அறிந்ததையும் ஒரே உள்ளத்தில் மோதலின்றி ஏந்தி வளரும் குழந்தையே நாளை பிறரையும் தன்னுள் ஏற்கும் மனிதனாகிறது. அத்தகைய உள்ளத்தை உருவாக்குவது ஆசிரியரால் தனியே இயலாது. பெற்றோராலும் தனியே இயலாது. இருவரும் ஒருவரையொருவர் மதிப்பதைக் குழந்தை தன் கண்ணால் காணும் நாளில் அந்தப் பணி தொடங்குகிறது.